வேகாஸ் போறீங்களா? ஊரோட கதையைக் கேட்டுட்டுப் போங்க

அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்கள்ல லாஸ் வேகாஸ் போகாதவங்க கம்மி. கம்பெனி கான்ஃபரன்ஸ்னு போறவங்க, நாலு நண்பர்களோட லாங் வீக்கெண்டுக்குப் போறவங்க, ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மாவுக்கு கிராண்ட் கேன்யன் காட்டப் போற வழியில ஒரு ராத்திரி தங்குறவங்கன்னு பல ரகம். முதல் தடவை போறவங்க எல்லாரும் கேக்கிறது, "அங்க என்னல்லாம் பாக்கணும்?"

என்னைக் கேட்டா, அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த ஊர் ஏன் இப்படி இருக்கு? அங்க நம்ம பர்ஸை லேசாக்குற ஏற்பாடுகள் பலதுக்கும் ஒரு வருஷமும் ஒரு காரணமும் இருக்கு. அது தெரிஞ்சா பாதி பணம் மிச்சம். மீதி பாதி உங்க சாமர்த்தியம் :-)

தண்ணி இருந்த ஊர்

'லாஸ் வேகாஸ்'னா ஸ்பானிஷ்ல புல்வெளிகள்னு அர்த்தம். சிரிக்காதீங்க, நிஜமாவே அங்க ஊற்று இருந்துச்சு. பாலைவனத்துக்கு நடுவுல பொங்கி வந்த அந்தத் தண்ணியை நம்பி சதர்ன் பையூட் பழங்குடி மக்கள் காலங்காலமா வாழ்ந்தாங்க. 1844ல ஜான் ஃப்ரீமாண்ட் அங்க வந்து தங்கினார். இன்னிக்கு டவுன்டவுன்ல இருக்கிற ஃப்ரீமாண்ட் தெரு அவர் பேர்லதான் இருக்கு. 1855ல மார்மன்கள் ஒரு கோட்டை கட்டினாங்க. நீராவி ரயிலுக்கும் தண்ணி வேணுமே, அதனால ரயில்வேக்காரங்க வந்தாங்க. 1905 மே 15, 16 ரெண்டு நாள்ல ரயில்வே நிலத்தை மனை போட்டு ஏலம் விட்டாங்க. ஊர் பொறந்தது அப்படித்தான். அதாவது, ஆரம்பமே ரியல் எஸ்டேட்!

அந்த ஊற்று என்னாச்சு? உறிஞ்சி உறிஞ்சி, 1962ல மேல தண்ணி வர்றதே நின்னுபோச்சு. இன்னிக்கு ஊருக்கு வர்ற தண்ணியில சுமார் 90 சதவீதம் மீட் ஏரியில இருந்து, அதாவது கொலராடோ நதியில இருந்து வருது.

இதுல நமக்கு என்ன பாடம்? இது பாலைவனம். ஏசி ஹாலுக்குள்ளயே சுத்தும்போது அது மறந்துடும். 2024 ஜூலை 7ஆம் தேதி அங்க 120 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாச்சு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 49 டிகிரி செல்சியஸ். சென்னை வெயிலைப் பாத்தவன்னு வீரம் பேசாதீங்க. சென்னையில வேர்க்கும், உடம்பு எச்சரிக்கை கொடுக்கும். அங்க வேர்வை வந்த உடனே காஞ்சிடும், தண்ணி போறதே தெரியாது. கையில பாட்டில் இல்லாம வெளிய இறங்காதீங்க. வயசானவங்க கூட இருந்தா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பகல்ல நடக்கவே வேண்டாம்.

அணை கட்ட வந்தவங்க, ஆட வந்தவங்க

நெவாடாவுல சூதாட்டம் எப்பவும் சட்டப்படி இருந்துச்சுன்னு பலர் நினைக்கிறாங்க. கிடையாது. 1910 அக்டோபர்ல இருந்து தடை அமல்ல இருந்துச்சு (திருட்டுத்தனமா நடந்தது வேற விஷயம்). 1922 ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு அப்புறம் ரயில்வே தன்னோட பட்டறையை வேற ஊருக்கு மாத்திருச்சு. ஊர் படுத்துருச்சு. அதுக்கு மேல பொருளாதாரப் பெருமந்தம்.

1931 மார்ச் 19ஆம் தேதி கவர்னர் ஃப்ரெட் பால்சார் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதிக்கிற மசோதாவுல கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் விவாகரத்துக்கும் சலுகை: ஆறு வாரம் நெவாடாவுல தங்கினா போதும். மத்த மாநிலங்கள் கூடாதுன்னு சொன்னதை எல்லாம் இங்க வச்சு வித்தாங்க. வேற விக்கிறதுக்கு அவங்ககிட்ட என்ன இருந்துச்சு, மணலைத் தவிர?

அதே 1931லதான் ஹூவர் அணை வேலையும் ஆரம்பம். உச்சத்துல 5,000 பேருக்கு மேல வேலை பாத்தாங்க. தொழிலாளிகளுக்குன்னு அரசாங்கம் போல்டர் சிட்டின்னு ஒரு ஊரைக் கட்டி, அங்க சூதாட்டமும் சாராயமும் கூடாதுன்னுருச்சு. சம்பள நாள்ல அவங்க எங்க போவாங்க? 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த வேகாஸுக்குத்தான். அணை வேலையில செத்தவங்க அரசாங்கக் கணக்குப்படி 96 பேர். கான்கிரீட்டுக்குள்ள பொணம் இருக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது கட்டுக்கதை.

அரை நாள் ஒதுக்கி அந்த அணையைப் பாத்துட்டு வாங்க. போல்டர் சிட்டியில இன்னிக்கும் கேசினோ கிடையாது.

ஸ்டிரிப் இருக்கிறது வேகாஸ்லயே இல்ல!

சினிமாவுல நாம பாக்கிற பெரிய ஹோட்டல்கள் பெரும்பாலும் லாஸ் வேகாஸ் நகர எல்லைக்கு வெளிய இருக்கு. 1941ல தாமஸ் ஹல்ங்கிறவர் ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரமா எல் ராஞ்சோ வேகாஸ்னு ஒரு ஹோட்டலைத் திறந்தார். தங்குறதுக்கு ரூம், நீச்சல் குளம், சாப்பாடு, சூதாட்டம் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள. விருந்தாளி வெளியவே போக வேண்டாம். இன்னிக்கு வரைக்கும் அதே ஃபார்முலாதான், அளவு மட்டும் பெருசாயிருச்சு.

பின்னால நகராட்சி இந்தப் பகுதியைத் தன்னோட சேத்துக்கப் பாத்தப்ப, நகர வரி கட்டுறதுக்குக் கேசினோ முதலாளிகள் தயாரா இல்ல. 1950 டிசம்பர்ல 'பாரடைஸ்'னு ஒரு தனி டவுனா அறிவிக்க வச்சாங்க. 1959ல பெட்டி வில்லிஸ்ங்கிற அம்மா வடிவமைச்ச அந்தப் புகழ்பெற்ற 'வெல்கம்' போர்டுகூட நகர எல்லைக்கு வெளியதான் நிக்குது.

இதுல நமக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, ஸ்டிரிப் வேற, டவுன்டவுன் வேற. பழைய வேகாஸ் பாக்கணும்னா ஃப்ரீமாண்ட் தெருவுக்குப் போகணும். ரெண்டு, ஸ்டிரிப்புல ஹோட்டல்கள் எல்லாம் ராட்சச அளவு. "இதோ தெரியுதே, பக்கத்துலதான்"னு நடக்க ஆரம்பிச்சா அரை மணி நேரம் ஆகும். ஸ்டிரிப் மொத்தம் சுமார் 6.8 கிலோமீட்டர். நல்ல ஷூ போட்டுக்குங்க, பஸ்ஸும் மோனோரயிலும் இருக்கு. ரோட்டைக் கடக்கிற நடைமேம்பாலத்துல நின்னு போட்டோ எடுக்காதீங்க, 2024 ஜனவரியில அங்க நிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க.

ஃபிளமிங்கோவும் கணக்குப் பாடமும்

1946 டிசம்பர் 26. பக்ஸி சீகல்ங்கிற தாதா ஃபிளமிங்கோவைத் திறந்தார். திட்டத்தை ஆரம்பிச்சது பில்லி வில்கர்சன்ங்கிற ஹாலிவுட் பத்திரிகை முதலாளி, சீகல் உள்ள புகுந்து பிடுங்கிக்கிட்டார். திறப்பு விழா அன்னிக்கு ஹோட்டல் ரூம் எதுவும் தயாராகலை. வந்தவங்க ஆடினாங்க, ஜெயிச்சாங்க, ஜெயிச்ச காசோட வேற ஹோட்டலுக்குத் தூங்கப் போயிட்டாங்க! கேசினோவுக்கு நஷ்டம். ஜனவரியில மூடி, மார்ச்சுல திரும்பத் திறந்தாங்க. 1947 ஜூன் 20ஆம் தேதி சீகல் பெவர்லி ஹில்ஸ்ல சுடப்பட்டார். சுட்டது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வழக்கு இல்ல.

இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு. ஜெயிக்கிறவன் இங்கயே தங்கணும். தங்கினா திரும்ப ஆடுவான், ஆடினா கணக்கு தன் வேலையைக் காட்டும். அதனாலதான் லிஃப்ட்டுக்குப் போகணும்னாலும் சூதாட்ட ஹாலைத் தாண்டித்தான் போகணும், ஹால்ல கடிகாரம் கண்ணுல படாது.

அந்தக் கணக்கைப் பாருங்க. அமெரிக்க ரூலெட் சக்கரத்துல 38 குழி (1 முதல் 36, அப்புறம் ரெண்டு பூஜ்யம்). ஒரு நம்பர் விழுந்தா 35 மடங்குதான் தருவாங்க. அதாவது நீங்க கட்டுற ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியா 5.26 டாலர் அவங்களுக்கு. ஒரே பூஜ்யம் இருக்கிற சக்கரத்துல 2.70தான். 2016ல இருந்து ஸ்டிரிப்புல மூணு பூஜ்யம் வச்ச சக்கரமும் வந்திருச்சு, அதுல 7.69! பாக்க எல்லாம் ஒரே மாதிரி சுத்தும், பூஜ்யத்தை எண்ணிப் பாத்துட்டு உக்காருங்க.

பிளாக்ஜாக்கும் அப்படித்தான். 1962ல எட்வர்ட் தார்ப்ங்கிற கணித வாத்தியார் கேசினோவை எப்படி ஜெயிக்கலாம்னு புத்தகமே எழுதினார். கேசினோக்கள் சும்மா இருக்குமா? விதியை மாத்திக்கிட்டே வந்தாங்க. மேஜைத் துணியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க. '3க்கு 2'ன்னு இருந்தா 10 டாலர் பிளாக்ஜாக்குக்கு 15 டாலர். '6க்கு 5'ன்னு இருந்தா 12தான். ஆறும் அஞ்சும் பெரிய நம்பரா இருக்கேன்னு ஏமாறுறவங்க நிறைய.

வள்ளுவர் சூதுக்குன்னு தனியா 94ஆம் அதிகாரமே எழுதினவர். ஜெயிச்சாலும் வேண்டாம்கிறதுலதான் ஆரம்பிக்கிறார். ஃபிளமிங்கோ முதலாளிகளுக்கு லேட்டா புரிஞ்சது அவருக்கு முன்னாடியே புரிஞ்சிருக்கு.

ஆடித்தான் ஆகணும்னா, சினிமா டிக்கெட் மாதிரி ஒரு தொகையை ஒதுக்கி, அது தீந்ததும் எந்திரிங்க. ஏடிஎம் கார்டை ரூம்லயே வச்சிடுங்க.

யாருக்குக் கதவு மூடியிருந்தது

நம்ம நிறத்துல இருக்கிறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய பகுதி இது. 1950கள்ல சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல் மாதிரி கறுப்பினக் கலைஞர்கள் ஸ்டிரிப் மேடையில பாடி கைதட்டு வாங்கலாம், ஆனா அதே ஹோட்டல்ல தங்க முடியாது. ராத்திரி வெஸ்ட்சைடுன்னு ஒதுக்கப்பட்ட பகுதிக்குத்தான் போகணும்.

1955 மே 24ல மூலான் ரூஜ்னு ஒரு கேசினோ ஹோட்டல் திறந்துச்சு. எல்லா இனத்தவரும் சேந்து வரலாம், ஊர்லயே முதல் இடம். ஆறு மாசத்துக்குள்ள மூடிட்டாங்க. ஆனா 1960ல பல்மருத்துவரான ஜேம்ஸ் மக்மில்லன் தலைமையில, ஸ்டிரிப்புல ஊர்வலம் நடத்துவோம்னு அறிவிச்சப்ப, மார்ச் 26ஆம் தேதி அதே மூலான் ரூஜ் கட்டடத்துல உக்காந்து பேசித்தான் ஹோட்டல்கள் எல்லாருக்கும் கதவைத் திறக்க ஒத்துக்கிச்சு. இன்னிக்கு நீங்களும் நானும் யாரும் தடுக்காம லாபிக்குள்ள நுழையறோம்னா, அந்தப் பேச்சுவார்த்தைக்கும் அதுல பங்கு உண்டு.

கட்டடம் இப்ப இல்ல. 2003ல பெரும்பகுதி எரிஞ்சுபோச்சு. போர்டு மட்டும் நியான் மியூசியத்துல இருக்கு. அதை வடிவமைச்சதும் 'வெல்கம்' போர்டு செஞ்ச அதே பெட்டி வில்லிஸ்தான். அந்த 'வெல்கம்' போர்டு முன்னாடி கியூவுல நிக்கிற நேரத்துல கொஞ்சத்தை இந்த போர்டுக்கும் கொடுங்க.

தீயும் வேலைநிறுத்தமும்

1980 நவம்பர் 21ஆம் தேதி காலையில எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல்ல தீப்பிடிச்சு 85 பேர் இறந்தாங்க. கேசினோ ஹால்ல ஸ்பிரிங்க்ளர் இல்ல. தீ கீழ, ஆனா பலர் செத்தது மேல் மாடிகள்ல, புகையில. மூணு மாசத்துக்குள்ள ஹில்டன்ல இன்னொரு தீ, 8 பேர். அப்புறம்தான் உயரமான கட்டடங்களுக்கு ஸ்பிரிங்க்ளர் கட்டாயமாச்சு. எந்த ஹோட்டல்ல தங்கினாலும் ரூமுக்குப் போனதும் படிக்கட்டு எந்தப் பக்கம்னு ஒரு தடவை நடந்து பாத்துக்குங்க. ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொண்ணு. 1991 செப்டம்பர் 21ல ஃபிரான்டியர் ஹோட்டல் தொழிலாளிகள் 550 பேர் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. ரூம் சுத்தம் பண்றவங்க, சமைக்கிறவங்க, பரிமாறுறவங்க. ஆறு வருஷம் நாலு மாசம் வாசல்லயே நின்னாங்க. ஒருத்தர்கூட விட்டுக்கொடுத்து உள்ள போகலை. 1998ல முதலாளி கை மாறினப்புறம் ஜெயிச்சாங்க. இந்த ஊர்ல ரூம் சுத்தம் பண்றவங்க ஒரு கௌரவமான வாழ்க்கை வாழ முடியுதுன்னா காரணம் அந்த யூனியன்தான். அதனால மெஷின்ல 20 டாலரை அஞ்சு நிமிஷத்துல தொலைக்கிற நாம, ரூமை விட்டுக் கிளம்பும்போது தலையணைகிட்ட நாலு டாலர் வைக்க யோசிக்க வேண்டாம். ஆடும்போது 'இலவசமா' வர்ற டிரிங்குக்கும் ஒரு டாலர் டிப்ஸ் உண்டு.

விலை ஏன் ஏறுச்சு

"அந்தக் காலத்துல வேகாஸ்ல சாப்பாடு சல்லிசு"ன்னு பெருசுங்க சொல்லுவாங்க. உண்மைதான். சூதாட்ட லாபம் இருந்ததால ரூமையும் பஃபேயையும் அள்ளிக் கொடுத்தாங்க. 1969ல பங்குச்சந்தைக் கம்பெனிகள் கேசினோ நடத்த வழி பிறந்துச்சு. தாதாக்கள் போயி அக்கவுன்டன்ட்டுகள் வந்தாங்க. 1989ல மிராஜ் திறந்தப்புறம் வாசல்ல எரிமலை, உள்ள ஷோன்னு எல்லாமே வியாபாரம். 1990களோட கடைசியில இருந்து ஸ்டிரிப்புக்குச் சூதாட்டத்தை விட மத்ததுல வருமானம் அதிகம். அதனால நீங்க ஆடாட்டியும் அவங்க சம்பாதிப்பாங்க. ரூம் வாடகைக்கு மேல 'ரிசார்ட் ஃபீ'ன்னு ஒண்ணு, கார் நிறுத்த ஒண்ணு. 2025 மே மாசத்துல இருந்து மொத்த விலையையும் முதல்லயே காட்டணும்னு அமெரிக்க அரசு விதி இருக்கு. புக் பண்ணும்போது கடைசித் தொகையை மட்டும் பாருங்க.

அந்த மிராஜும் 2024 ஜூலையில மூடியாச்சு. எரிமலை இல்ல. டிராபிகானாவை அதே வருஷம் அக்டோபர்ல வெடி வச்சுத் தகர்த்துட்டாங்க. பழைய பயணக் கட்டுரையைப் படிச்சுட்டு லிஸ்ட் போடாதீங்க. இது தன்னோட பழசைத் தானே இடிச்சுத் தள்ளுற ஊர். மிச்சத்தைப் பாக்கணும்னா நியான் மியூசியமும் மாப் மியூசியமும்தான். மாப் மியூசியம் இருக்கிறதே 1950ல செனட்டர் கெஃபாவர் தாதாக்களைப் பத்தி விசாரணை நடத்தின பழைய கோர்ட் கட்டடம்.

போயிட்டு வந்தவங்க விட்டுப்போனதைப் பின்னூட்டத்துல சொல்லுங்க. "நான் ஜெயிச்சேன்"னு சொல்றவங்க, எத்தனை மணிக்கு ஹாலை விட்டு எந்திரிச்சீங்கங்கிறதையும் சேத்துச் சொல்லணும் :-)