காரை எலும்பா, காறை எலும்பா? பைக்கில் விழுந்தால் சட்டுனு உடையும் 'காலர் போன்' பற்றி தெரியுமா?

பைக்கில் இருந்து சறுக்கி விழுந்தவர் ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்தால், டாக்டர் முதலில் பார்ப்பது காலர் போனைத்தான். அடிக்கடி உடையும் எலும்புகளில் இதுவும் ஒன்று.

தமிழில் இதற்குப் பெயர் 'காறை எலும்பு'. பலரும் 'காரை' என்றே எழுதுகிறார்கள். ஆனால் காரை என்றால் சுவரில் பூசும் சுண்ணாம்புக் கலவை. காறை என்பது கழுத்தைச் சுற்றி அணியும் நகை. பெரியாழ்வார் பாசுரத்திலேயே இந்த நகை வருகிறது. அந்த நகை இருக்கும் பகுதியில் உள்ள எலும்பு என்பதால் இந்தப் பெயர் பொருந்திப் போகிறது.

மருத்துவப் பெயர் கிளாவிக்கிள். லத்தீனில் 'சின்ன சாவி' என்று அர்த்தம். கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது, பூட்டில் சாவி திரும்புவது போல இந்த எலும்பும் லேசாகச் சுழலும்.

எங்கே இருக்கு?

நெஞ்சின் நடுவில் உள்ள மார்பெலும்பையும் தோள்பட்டை எலும்பையும் இணைக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 15 செ.மீ. நீளம். கையை உடம்போடு எலும்பு வழியாக இணைப்பது இது மட்டும்தான். கருவில் 5, 6வது வாரத்திலேயே எலும்பாக மாறத் தொடங்கிவிடும். ஆனால் முழுசாக வளர்ந்து முடிய 20 வயதைத் தாண்டிவிடும்.

ஏன் ஈஸியா உடையுது?

கையை ஊன்றி விழுந்தாலும், தோள் தரையில் மோதினாலும் அந்த அதிர்ச்சி இந்த எலும்புக்குத்தான் வரும். இதன் வடிவம் ஆங்கில எழுத்து 'எஸ்' போல வளைந்திருக்கும். இரண்டு வளைவும் சேரும் நடுப்பகுதி மெலிதானது. பெரும்பாலும் அங்கேதான் முறியும். பிரசவத்தின்போது பிறக்கும் குழந்தைக்கும் சில நேரம் உடையும். குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

என்ன செய்யணும்?

தோள் தொங்கினால், வீங்கினால், தொட்டால் வலித்தால் துணியால் தூளி போலக் கட்டி கையைத் தாங்கவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். 'சுளுக்குதான்' என்று எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம். இந்த எலும்புக்குக் கீழேதான் கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இருக்கின்றன. கை மரத்துப்போனால், விரல்கள் சில்லிட்டால், மூச்சு வாங்கினால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பலருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. கையைத் தொங்கவிடாமல் கட்டி வைத்தாலே குழந்தைகளுக்குச் சில வாரங்களில் கூடிவிடும். பெரியவர்களுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். எலும்பு ரொம்ப விலகியிருந்தால் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்வார்கள். கூடிய இடத்தில் சின்ன மேடு தெரியலாம். பெரும்பாலும் அதனால் பிரச்சினை வராது.