ஒரு பழுப்பு நாயும் ஆயிரம் மெடிக்கல் மாணவர்களும்

1. 1907 டிசம்பர் 10. லண்டன் டிரஃபால்கர் சதுக்கம். சுமார் ஆயிரம் பேர் கூடி போலீஸோடு மல்லுக்கட்டுகிறார்கள். பெரும்பாலும் மெடிக்கல் காலேஜ் பசங்க. கையில் குச்சி, குச்சியின் நுனியில் பொம்மை நாய். கோபம் யார் மேல? ஒரு பூங்காவில் வைத்திருந்த நாய்ச் சிலை மேல!

2. கேட்க சிரிப்பா இருக்குல்ல? ஆனா அந்தச் சிலைக்குப் பின்னால் இருந்த கேள்வி சீரியஸானது. பாடம் நடத்துவதற்கு உயிருள்ள விலங்கை அறுக்கலாமா? நம்ம ஊர் காலேஜ் லேப் வரைக்கும் வந்து சேர்ந்த கேள்வி இது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3. முதல்ல சட்டம். விலங்குப் பரிசோதனையைக் கட்டுப்படுத்த பிரிட்டன் 1876-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டது. புதிய அறிவைத் தேடிச் செய்யும் ஆராய்ச்சிக்கு லைசென்ஸ் வாங்கினால் அனுமதி உண்டு. வெறும் கைப்பழக்கத்துக்காகச் செய்வதற்கு அறவே தடை. வகுப்பில் செய்து காட்டணும்னா, மாணவர்கள் கற்க அது கட்டாயம் தேவைன்னு தனிச் சான்றிதழ் வேணும்.

4. அதாவது கண்டுபிடிப்பது வேற, ஏற்கெனவே கண்டுபிடித்ததைக் காட்டுவது வேற. இந்தக் கோட்டை மனசுல வச்சுக்கோங்க. கதை முழுக்க இதுதான் வரும்.

5. இப்போ 1903 பிப்ரவரி. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன். வகுப்பில் சுமார் 60 மாணவர்கள். மேசையில் கட்டப்பட்ட ஒரு சின்ன பழுப்பு நாய். இரண்டு மாதம் முன்பே எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதன் கணையத்தில் ஒரு அறுவை செய்திருந்தார். அன்றைக்கு வயிற்றைத் திறந்து அந்த முடிவைப் பார்த்துவிட்டு, நாயை வில்லியம் பேய்லிஸிடம் ஒப்படைத்தார்.

6. பேய்லிஸ் காட்ட நினைத்தது உமிழ்நீர் சுரப்பி பற்றிய ஒரு விஷயம். நரம்பைத் தூண்டினால் உமிழ்நீர் சுரக்கும். அந்த அழுத்தம் ரத்த அழுத்தத்தைச் சார்ந்ததில்லை. கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானியர் அரை நூற்றாண்டுக்கு முன்பே நிறுவிய உண்மை இது. கழுத்தைத் திறந்து, அரை மணி நேரம் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். டெமோ வேலை செய்யவே இல்லை!

7. கடைசியில் ஒரு மாணவர் நாயை எடுத்துப்போய்க் கொன்றார். அவர் பெயர் ஹென்றி டேல். பின்னாளில், 1936-ல், நோபல் பரிசு வாங்கிய அதே டேல்தான்.

8. அந்த 60 பேரில் இரண்டு ஸ்வீடன் பெண்கள் இருந்தார்கள். லிஸி லிண்ட் ஆஃப் ஹாகெபி, லெய்ஸா ஷார்டாவ். இரண்டு பேரும் விலங்குப் பரிசோதனையை எதிர்ப்பவர்கள். உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கவே பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தவர்கள். பார்த்ததை எல்லாம் டைரியில் எழுதினார்கள். நாய் துடித்தது, மயக்க மருந்தின் வாசனையே இல்லை என்பது அவர்கள் எழுதியது.

9. விலங்குவதை எதிர்ப்புச் சங்கத்தின் ஸ்டீஃபன் கோல்ரிட்ஜ் இதைப் பொதுமேடையில் போட்டு உடைத்தார். பேய்லிஸ் அவதூறு வழக்குப் போட்டார். மயக்க மருந்து குழாய் வழியாகச் சுவாசக்குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது, அசைவு வெறும் தசைத்துடிப்பு என்று அவர் தரப்பு சொன்னது. 1903 நவம்பரில் ஜூரி பேய்லிஸ் பக்கம் நின்றது. 2000 பவுண்ட் நஷ்டஈடு. வழக்குச் செலவு தனி.

10. ஆனா அதே வழக்கில் ஸ்டார்லிங் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டார். ஒரே நாயை இரண்டு முறை பயன்படுத்தியது சட்ட மீறல்தான். இன்னொரு நாயைப் பலி கொடுக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன் என்றார். யோசிச்சுப் பாருங்க, அவருக்கும் மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்திருக்கு.

11. இவங்களை வில்லன் ஆக்கிடாதீங்க. முந்தைய வருஷம், 1902-ல், இதே பேய்லிஸும் ஸ்டார்லிங்கும் நாய்களை வைத்துத்தான் ‘செக்ரிடின்’ கண்டுபிடித்தார்கள். ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905-ல் உலகத்துக்குக் கொடுத்ததே ஸ்டார்லிங்தான். 1921-ல் டொரன்டோவில் இன்சுலின் பிறந்ததும் நாய்களின் உடலில்தான். இன்னைக்கு சர்க்கரை நோயாளிக்கு ஊசி எழுதித் தரும் எந்த டாக்டரும் இந்தக் கடனை மறுக்க முடியாது.

12. அந்தப் பிப்ரவரி வகுப்பு மட்டும் ஏன் உறுத்துது? அங்கே புதுசா எதையும் தேடவில்லை. தெரிந்த ஒன்றை 60 பேருக்குக் காட்ட ஒரு உயிர். அதுவும் காட்ட முடியாமல் போனது. 1876 சட்டம் கோடு கிழித்த இடம் சரியாக இதுதான்.

13. 1906-ல் பாட்டர்ஸீ பகுதியில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். 1902-ல் அதே இடத்தில் 232 நாய்கள் இப்படி அறுக்கப்பட்டன என்றும் கல்வெட்டில் எழுதினார்கள். மெடிக்கல் மாணவர்களுக்கு இது அவமானமாகப் பட்டது. அதில் வெடித்ததுதான் முதலில் சொன்ன கலவரம். 1910 மார்ச்சில் விடியும் முன்பே, 120 போலீஸ் காவலோடு சிலையை அகற்றினார்கள். 1985-ல்தான் புதிய சிலை வந்தது.

14. இனி நம்ம ஊருக்கு வருவோம். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ஒருவர் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். யார் தெரியுமா? கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல்! அரசே சட்டம் கொண்டு வரும் என்று நேரு உறுதி சொன்னதால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். அலுவலகம் அப்போ நம்ம சென்னையில் இருந்தது.

15. அந்தச் சட்டத்தைப் படித்தால் 1876-ன் கோடு அப்படியே தெரியும். புதிய கண்டுபிடிப்புக்கான சோதனை குற்றமில்லை. ஆனால் கல்லூரிகளில் புத்தகம், மாதிரி, படம் போதும் என்றால் விலங்கைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காக இயன்றவரை செய்யக்கூடாது.

16. சட்டம் 1960-ல். லேப் மாறியது எப்போ? அதுக்கு அப்புறமும் அரை நூற்றாண்டு ஆச்சு. பல தலைமுறை டாக்டர்களுக்கு பிசியாலஜி என்றால் தவளைதான். ஊசியால் மூளையையும் தண்டுவடத்தையும் அழித்து, கால் தசையையும் நரம்பையும் பிரித்து, மின்சாரம் கொடுத்து, புகை படிந்த காகிதம் சுற்றிய உருளையில் கோடு வரைய வைப்பார்கள். பார்மகாலஜியில் மயக்கிய நாயின் ரத்த அழுத்தம் மருந்துக்கு எப்படி ஏறி இறங்குதுன்னு காட்டுவார்கள். அத்தனைக்கும் விடை ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் அச்சாகி இருந்தது.

17. விலங்கியல் படிப்பில் அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்க 2011-ல் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் தந்தது. 2014-ல் முழுக்க நிறுத்தச் சொன்னது. 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் தவளைத் தசையும் இதயமும் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டன. அந்த நாயின் ரத்த அழுத்தமும் திரையில்தான்.

18. எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானதும்கூட. திரையில் தவளை இதயம் எப்பவும் புத்தகத்தில் உள்ளபடியே துடிக்கும். நிஜ உடல் அப்படி இல்லை. நழுவும், காயும், சொன்னபடி கேட்காது. அந்தப் பாடத்தை எங்கே கற்பது?

19. என் பதில்: நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில், சீனியர் கண்காணிப்பில். உடற்கூறுக்கு, உடல் தானம் செய்த மனிதர்களின் சடலம். நரம்பும் தசையும் எப்படி இயங்குதுன்னு பார்க்க, மாணவனின் சொந்தக் கையிலேயே மின்முனை ஒட்டிப் பார்க்கலாம். வலித்தால் வாய்விட்டுச் சொல்ல முடிந்த உடல் அது.

20. ஆராய்ச்சியில் விலங்குகள் இன்னும் இருக்கின்றன. அதற்குக் குழு உண்டு, அனுமதி உண்டு, ‘ஏன் வேணும்’ என்ற கேள்வி உண்டு. அதே கேள்வி வகுப்பறைக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கு.

21. உங்க வீட்டில் 2014-க்கு முன்னாடி விலங்கியலோ மருத்துவமோ படிச்ச அக்கா, அண்ணன், சித்தப்பா யாராவது இருந்தா ஒண்ணு கேட்டுப் பாருங்க: அந்தத் தவளையிடம் கத்துக்கிட்டதில் இன்னைக்கு எது நினைவில் இருக்கு? பதிலைக் கீழே எழுதுங்க. படிக்க ஆவலா இருக்கேன்.