சுவரும் நுளம்பும்: கிழக்கிலங்கை வயற்புறங்களில் மலேரியா ஒழிப்பின் சமூக வரலாறு

வீட்டினுள் நுழையும் நுளம்பை விரட்டுவது வரலாற்றாய்வுக்குரிய பொருளாகுமா என வினவுவோர் உளர். மன்னர் பரம்பரைகளையும் போர்களையுமே வரலாறு எனக் கொண்டு பழகியோர்க்கு இது அற்பமான விடயமாகத் தோன்றுதல் இயல்பே. ஆயினும் இலங்கையின் வரண்ட வலயத்தில் எவர் வாழ்ந்தனர், எவர் மடிந்தனர், காடழித்த நிலம் எவர் கைக்குச் சென்றது ஆகிய வினாக்களை எழுப்புமிடத்து இச்சிறு பூச்சியைத் தவிர்த்துச் செல்ல முடியாது. கல்முனைக் கரையோரத்துக்கு மேற்கே நெல்வயல்களிடையே அமைந்துள்ள வரிப்பத்தான்சேனை, இறக்காமம் முதலிய ஊர்களை மனங்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. 'சேனை' என்னும் ஊர்ப்பெயர் ஈறு, காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கையைச் சுட்டுவது என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் மரபுவழி வேளாண்மையில் நிலவுடைமையாளரான போடியார் பெரும்பாலும் கரையோர ஊரில் வாழ்ந்தார். முல்லைக்காரனும் கூலியாட்களும் விதைப்புக் காலத்திலும் காவற் காலத்திலும் வட்டையிலேயே தங்கினர். அவர்கள் உறங்கிய வாடி நான்கு கம்புகளும் கிடுகுக் கூரையும் கொண்டது. சுவரென்று கூறத்தக்கது அதிற் குறைவு. மாலையானதும் வேப்பிலையையோ நொச்சியையோ தேங்காய்ப் பொச்சையோ எரித்துப் புகை மூட்டினர். புகை நுளம்பை அகற்றுமேயன்றிக் கொல்லாது. நெருப்பு அவிந்ததும் அது மீண்டுவரும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்போ நள்ளிரவிலும் கடிக்கும் இயல்பினது. எனவே நோயின் சுமை விளைச்சலைப் பெற்றவன்மீதன்றி, விளைச்சலருகே படுத்துறங்கியவன்மீதே பெரிதும் விழுந்தது. இதனை இயற்கையின் நியதி என விளக்குவது உற்பத்தி உறவுகளை மறைப்பதாகும்.

1934-35இல் இலங்கையைத் தாக்கிய பெருந்தொற்று ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தமையால் ஆறுகள் வற்றி, படுகைகளில் தேங்கிய குட்டைகளில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகளிற் சாவு மிகுந்தமைக்கு அங்குள்ளோர் இந்நோய்க்குப் பழக்கப்படாமை ஒரு காரணம். வறுமையும் பட்டினியும் மற்றையது. சூரியமல் இயக்கத்தினர், எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர், நோயுற்ற கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டுசென்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாவதற்கு இவ்வனுபவம் உரமிட்டது. ஆனால் கிழக்கின் வயற்புறங்களில் ஆண்டுதோறும் நிகழ்ந்த காய்ச்சற் சாவுகள் எந்த இயக்கத்தின் கவனத்தையும் இவ்வாறு ஈர்க்கவில்லை. திடீரென வந்த சாவு செய்தியாயிற்று. வழக்கமான சாவு வழக்கமாகவே இருந்தது.

1939இல் பவுல் முல்லர் சுவிற்சர்லாந்தில் டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1946 அளவில் இலங்கையெங்கும் வீடுகளின் உட்சுவர்களில் அது விசிறப்பட்டது. இம்முறையின் சூட்சுமம் எளிமையானது. இரத்தம் குடித்த நுளம்பு உடல் பாரித்து, தொலைதூரம் பறக்கவியலாது அருகிலுள்ள சுவரில் அமர்ந்து ஓய்வெடுக்கும். சுவரிற் படிந்துள்ள மருந்து அதன் கால்வழியே உட்சென்று கொல்லும். புகை ஓரிரவுக் காவல். சுவர் மருந்தோ பல மாதங்களுக்கு நிற்பது. 1946இல் ஏறத்தாழ 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை 1963இல் 17 ஆகக் குறைந்தது.

இவ்வெற்றியை முழுவதும் ஓர் இரசாயனப் பொருளுக்கே உரியதாக்குவோரின் கூற்று ஆராயத்தக்கது. 1946க்கும் 1947க்குமிடையில் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20இலிருந்து 14ஆக வீழ்ந்தது உண்மையே. எனினும் மலேரியா இல்லாத பகுதிகளிலும் அக்காலத்தில் இறப்பு குறைந்ததை எஸ்.ஏ. மீகம 1967இல் சுட்டிக்காட்டினார். போர்க்கால உணவுத் தட்டுப்பாடு நீங்கியமையும் மருத்துவ வசதிகள் பரவியமையும் காரணங்களென்றார். 1974இல் ஆர்.எச். கிரே செய்த கணிப்பும் போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கையே மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு அளித்தது. சோற்றையும் ஆசுப்பத்திரியையும் மறந்து மருந்துப் புட்டியை மட்டும் புகழ்வது, விற்பனையாளனின் வரலாற்றுநோக்கு எனலாம்.

சுவர் மருந்தின் இன்னொரு விளைவு நிலத்தோடு தொடர்புடையது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்தது. காய்ச்சலால் ஆளரவமற்றுக் கிடந்த காடு, மலேரியா அடங்கியபின் அரச குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. திட்டத்தின் பெரும்பகுதி நிலம் வெளிமாவட்டச் சிங்களக் குடியேற்றவாசிகளுக்குச் சென்றது. அங்கு காலங்காலமாக வேளாண்மை செய்த முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் மனக்குறை இன்றுவரை தீரவில்லை. 1956 ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழருக்கெதிரான வன்செயல் வெடித்ததும் இப்பின்னணியிலேயே. குடியேறிய ஏழை விவசாயியைப் பகைவனாகக் காண்பது தவறு. நுளம்பு அகன்ற நிலத்தைப் பங்கிட்ட அரசின் வர்க்க, இன நலன்களே கேள்விக்குரியன.

நோயாளர் 17 பேரே என்றதும் விசிறல் நிறுத்தப்பட்டது. 1967-68இல் வரட்சி வந்தது. எலஹெரவின் இரத்தினக்கல் அகழ்வோரிடையிலும் சேனைக் குடிசைகளிலும் நோய் தலைதூக்கி, 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இக்குடிசைகள் வாடியை ஒத்தவை; மருந்தடிக்கச் சுவரில்லாதவை. திட்டமிட்டோர் மனத்திலிருந்தது நிலையான வீடு. உழைப்பாளியோ பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்பவன். அதற்கிடையில் நுளம்பும் டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது. 1977 முதல் மலத்தியன் விசிறப்பட்டது. அதன் நாற்றத்தை வெறுத்துக் கதவைச் சாத்தியோரை அறியாமையுடையோர் என்பது பொருந்தாது. 1976இல் பாகிஸ்தானில் தரங்கெட்ட மலத்தியனால் விசிறற் தொழிலாளர் பலர் நஞ்சூட்டப்பட்டு ஐவர் இறந்தனர்.

போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கட்டுப்பாட்டுப் பணி குலைந்தது; 1999இல் நாட்டில் ஏறத்தாழ 264,000 பேர் நோயுற்றனர். பின்னர் மருந்தூட்டிய வலை, இரத்தப் பரிசோதனை, நடமாடும் சிகிச்சை ஆகியன ஒன்றிணைந்தன. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஆனால் டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலிற் கடிப்பது. சுவரைவிட்டுக் கட்டிலடியிலும் தொங்கும் உடைகளிலும் மறைவது. 2017இல் 186,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்குட்பட்டு 440 பேர் இறந்தனர். இப்போது அரசு வீட்டுக்குள் வருவது மருந்தடிக்க அன்று. சிரட்டையிலும் பூச்சாடியிலும் நீர் உண்டா எனச் சோதிக்கவே. குற்றங் காணின் வழக்கும் தொடரப்படும். வீட்டுக்காரர் கடையில் நுளம்புச்சுருள் வாங்குகின்றனர். குப்பை அகற்றப்படாத தெருவுக்கு எவரும் தண்டம் செலுத்துவதில்லை. 2016 டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்னும் புதிய மலேரியா நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. வயற்குட்டையை நாடாது, குடிமனைக் கிணறுகளில் முட்டையிடுவது அது.