புவாத்: ஒரு பெட்டியின் இரவு வாழ்க்கை

சிறிய இரவு விடுதியைக் குறிக்க ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து கடன்கொண்ட ‘புவாத்’ என்னும் சொல்லுக்கு அதன் தாய்மொழியில் பெட்டி என்பதே முதற்பொருள். பிரெஞ்சுக்காரர் ‘புவாத் த நுய்’, அதாவது இரவுப் பெட்டி, என்று வழங்கியதில் இரவைக் கழித்துவிட்டுப் பெட்டியை மட்டும் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது.

இச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. பிக்சோஸ் என்னும் புதர்மரத்தின் இறுகிய கட்டையில் கடைந்த செப்பு அங்கே பிக்சிஸ் எனப்பட்டது; அது லத்தீன் வழியாகப் பழம்பிரெஞ்சில் ‘பொயிஸ்தெ’ என்றாகி, பின்னர் இடையிலிருந்த சகர ஒலியை இழந்தது. இகரத்தின் தலைமேல் இடும் கூரைக்குறி மறைந்த அந்த ஒலியின் தடமே. 1990ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் அதையும் விட்டெழுத இடமளித்தது. ஆங்கிலத்தின் ‘பாக்ஸ்’ இதே வேரில் கிளைத்ததாதலால், அம்மொழி தன் சொல்லின் உறவையே அயலாரிடம் இரவல் பெற்றதாகிறது.

பெட்டி விடுதியானதற்குப் பிரெஞ்சுப் பேச்சுவழக்கே காரணம். இடுக்கமான அறையையும், வேலை பார்க்கும் இடத்தையும், பள்ளியையும் சற்றே இளக்காரமாகப் புவாத் என்பது அங்கு வழக்கு. தமிழின் பெட்டிக்கடை இதற்கு அயலானதன்று, ஆனால் அதில் ஏளனம் இல்லை. இசையும் மதுவும் நெருங்கிய மேசைகளும் கொண்ட பாரிசின் சிற்றிடங்களுக்கு அப்பெயர் இயல்பாகவே பொருந்தியது. கவிஞர் ஜான் காக்தோவின் நண்பர் குழாம் கூடிய ‘லெ பஃப் சுர் லெ துவா’ 1922இல் திறக்கப்பட்டது. 1947இல் தோஃபீன் தெருவின் நிலவறையொன்றில் தொடங்கிய ‘லெ தபூ’வில் எழுத்தாளர் போரிஸ் வியான் டிரம்பெட் வாசித்தார், போருக்குப் பிந்தைய தலைமுறை ஜாஸ் இசைக்கு ஆடியது அத்தகைய நிலவறைகளில்தான்.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ஏளனம் உதிர்ந்து நாகரிகம் ஒட்டிக்கொண்டது. ஹெர்பர்ட் ஜாக்கோபியும் மாக்ஸ் கார்டனும் 1943இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘புளூ ஏஞ்சல்’ போன்ற இடங்களை அது சுட்டியது. பிரெஞ்சிலோ, பிப்லியோதெக் என்னும் நூலகச் சொல்லின் அச்சில் வார்த்த ‘டிஸ்கோதெக்’, அதாவது இசைத்தட்டகம், பரவிய பின்னரும் புவாத் மறையாமல், ஆயிரம்பேர் ஆடும் கூடத்தையும் குறிக்குமளவுக்கு விரிந்தது. சொல்லைப் பெற்றவர் காத்த சிறுமையைத் தந்தவர் காக்கவில்லை எனலாம். ஆயினும் கனடாவின் கியூபெக்கில் 1960களில் பரவிய ‘புவாத் ஆ ஷான்சோன்’ என்னும் பாட்டுப் பெட்டிகள், ஜில் விஞ்ஞோ போன்ற பாடகர்களை ஒரு சிறு கூட்டத்தின் முன் நிறுத்தி, அப்பழைய அளவைப் பிரெஞ்சிலேயே பேணின.