வரைபடமாக எழுதப்பட்ட இசை: பிங்க் ஃப்ளாய்டின் இரண்டாவது ஆல்பமும் பாதை மாற்றமும் (1967–1968)

1968 ஜனவரி 26 அன்று சவுத்தாம்ப்டனில் கச்சேரி. லண்டனிலிருந்து கிளம்பிய பிங்க் ஃப்ளாய்டு குழுவினர் வழக்கம்போல சிட் பாரெட் வீட்டுக்குப் போய் அவரை வண்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று இன்னொருவர் சொல்ல, வண்டி நிற்காமல் போய்விட்டது. குழுவின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர், அவற்றைப் பாடியவர், கிட்டார் வாசித்தவர் எல்லாம் அவர்தான். அன்றோடு அவருக்கும் அந்த மேடைக்கும் உறவு முடிந்தது.

சொல்வதற்கு நல்ல கதை இது. அதனாலேயே குழுவின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் இதைத் தாண்டிப் போவதில்லை. பாரெட் போனார், டேவிட் கில்மோர் வந்தார், ஆகவே இசை மாறியது என்பார்கள். 1968 ஜூன் இறுதியில் வெளிவந்த இரண்டாவது ஆல்பமான ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ அந்த மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், இந்த ‘ஆகவே’ நிற்பதில்லை.

முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ 1967 ஆகஸ்டின் தொடக்கத்தில் வெளியானது. அதில் உள்ள 11 பாடல்களில் 8 பாரெட் தனியாக எழுதியவை. பூனை, சைக்கிள், சோளக்கொல்லைப் பொம்மை என்று குழந்தைக் கதைகளின் உலகம் அது. குழுவின் இன்னொரு உறுப்பினரான ரோஜர் வாட்டர்ஸ் பெயரில் ஒரே ஒரு பாடல். அதை இன்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார் என்று தோன்றவில்லை. மீதி இரண்டும் குழுவாகச் சேர்ந்து உருவாக்கிய, பாடல்வரி இல்லாத வாத்திய இசை. இரண்டாவது ஆல்பமும் ஏறக்குறைய அதே 40 நிமிடம்தான். ஆனால் பாடல்கள் 7. அவற்றில் வாட்டர்ஸ் எழுதியவை 3, ஆர்கன் வாசித்த ரிச்சர்ட் ரைட் எழுதியவை 2, பாரெட்டுடையது ஒன்று, எல்லோர் பெயரிலும் ஒன்று. பாடலின் சராசரி நீளம் நான்கு நிமிடத்துக்குள்ளிருந்து ஐந்தரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது.

கவனிக்க வேண்டியது ‘செட் தி கன்ட்ரோல்ஸ் ஃபார் தி ஹார்ட் ஆஃப் தி சன்’ என்ற பாடலை. வாட்டர்ஸ் எழுதியது. முதல் ஆல்பம் கடைக்கு வந்த அதே ஆகஸ்ட் மாதத்தில், பாரெட் குழுவில் இருக்கும்போதே, இதன் ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. பின்னர் ஜனவரியில் கில்மோரின் கிட்டாரும் இதில் சேர்ந்தது. பாரெட், கில்மோர் உள்பட ஐந்து பேரும் வாசித்திருக்கும் ஒரே பாடல் இதுதான். வரிகளில் பல, டாங் வம்சகாலச் சீனக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து வாட்டர்ஸ் எடுத்துக்கொண்டவை. டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசன் வழக்கமான குச்சிகளை வைத்துவிட்டு, முனையில் மெத்தென்ற உறை போட்ட கோல்களால் வாசிக்கிறார். ஜாஸ் கலைஞர் சிகோ ஹாமில்டனிடம் கண்டு பழகிய முறை அது. அடி விழும் சத்தம் கேட்பதில்லை, அதன் அதிர்வு மட்டும் தரையோடு உருண்டு வருகிறது. பல்லவிக்குத் திரும்பும் அவசரம் பாட்டில் எங்குமே இல்லை. குரல் கிசுகிசுப்பாகவே போகிறது. பின்னாளில் ‘பிங்க் ஃப்ளாய்டு ஒலி’ என்று பெயர் பெற்றதில் பாதி இந்த ஐந்தரை நிமிடத்திலேயே இருக்கிறது. இதைப் பதிவு செய்யத் தொடங்கியபோது கில்மோர் குழுவில் சேர இன்னும் சில மாதங்கள் இருந்தன.

ஆக, மாற்றத்தின் விதை பாரெட் காலத்திலேயே விழுந்துவிட்டது. அது மேடையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. லண்டனின் யூஎஃப்ஓ கிளப்பில் இவர்கள் வாசித்தபோது ஒரே ராகத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விரித்துக்கொண்டே போவது வழக்கம். முதல் ஆல்பத்தின் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ ஒன்பதரை நிமிடத்தைத் தாண்டுவது அந்தப் பழக்கத்தின் எச்சம். நம் கச்சேரி ரசிகருக்கு ஆலாபனை நினைவுக்கு வரலாம். ஆனால் ஒப்புமை அதோடு சரி, இங்கே ராக இலக்கணம் எதுவும் இல்லை, துணிச்சல் மட்டுமே இருந்தது. ஒரே குழுவுக்கு இரண்டு முகம்: மேடையில் நீண்ட வாத்திய இசை, இசைத்தட்டில் மூன்று நிமிடப் பாட்டு. இசைத்தட்டின் முகத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவர் பாரெட்.

அவர் சரிந்தது 1967 இலையுதிர்காலத்தில். எல்எஸ்டி பழக்கமும் மனநலச் சிதைவும் சேர்ந்துகொண்டன. நவம்பரில் அமெரிக்கப் பயணம் பாதியில் குலைந்தது. மேடையில் கிட்டார் தந்திகளைத் தளர்த்திக்கொண்டு வெறுமனே நின்றார். அவரை மேடைக்கு வராமல் வீட்டிலிருந்து பாட்டு எழுதித் தருபவராக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. பீச் பாய்ஸ் குழுவில் பிரையன் வில்சன் அப்படித்தான் இருந்தார். அது நடக்கவில்லை. கேம்பிரிட்ஜ் காலத்து நண்பரான கில்மோர் வந்து சில வாரம் ஐந்து பேராக வாசித்த பிறகுதான் அந்த ஜனவரிப் பயணம். மேலாளர்கள் பீட்டர் ஜென்னரும் ஆண்ட்ரூ கிங்கும் குழுவை விட்டுவிட்டு பாரெட்டின் பக்கம் போனார்கள். எதிர்காலம் அவரிடம்தான் என்று அருகில் இருந்து பார்த்தவர்களே நினைத்திருக்கிறார்கள். அன்றைய நிலையில் அது ஒன்றும் முட்டாள்தனமான கணக்கல்ல.

குழுவின் மற்றவர்கள் முதலில் செய்தது பாரெட்டைப் போலப் பாட்டு எழுதிப் பார்த்ததுதான். ரைட்டின் ‘ரிமெம்பர் எ டே’, ‘சீ-சா’ இரண்டும் குழந்தைப் பருவ ஏக்கப் பாடல்கள். முன்னதில் மேசனுக்குத் தாளம் பிடிபடாமல் போக, தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித்தே டிரம்ஸ் வாசித்தார். கேட்க இதமாக இருக்கின்றன, ஆனால் சட்டை இன்னொருவருடையது. வாட்டர்ஸின் ‘கார்ப்பரல் கிளெக்’ கூடக் கேலிப் பாட்டாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அது காலை இழந்த ஒரு போர்வீரனைப் பற்றியது. வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் இறந்தவர். பின்னாளின் ‘தி வால்’ ஆல்பம் வரை வாட்டர்ஸைத் துரத்தப்போகும் பொருள், இங்கே விளையாட்டுப் பொம்மைபோலத் தலைகாட்டுகிறது.

தலைப்புப் பாடலில்தான் சட்டை கழற்றப்படுகிறது. 12 நிமிடத்துக்குச் சில நொடிகளே குறைவு. வாட்டர்ஸ், மேசன், ரைட் மூவரும் லண்டன் ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவர்கள். இந்தப் பாடலை உருவாக்கும்போது வாட்டர்ஸும் மேசனும் ஸ்வரங்களை எழுதவில்லை; ஒரு தாளில் ஏற்ற இறக்கங்களைக் கோடாகவும் குறியாகவும் வரைந்தார்கள். எங்கே பதற்றம் ஏற வேண்டும், எங்கே உடைய வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதுதான் அந்த வரைபடம். கில்மோர் அதைப் பார்த்து வியந்ததைப் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஒலிக்கு வந்தால், முதலில் சிம்பலின் மிக அருகில் மைக்கை வைத்து, மெல்லத் தட்டி எடுத்த ரீங்காரம். பிறகு மேசனின் டிரம்ஸ் அடி ஒரு டேப் வளையத்தில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதன் மேல் ரைட் பியானோவை முஷ்டியால் அறைகிறார். கில்மோர் கிட்டாரைத் தரையில் கிடத்தி, மைக் ஸ்டாண்டின் இரும்புக் காலைத் தந்திகள் மேல் இழுக்கிறார். கத்தியைச் சாணை பிடிப்பதுபோல ஒரு கிறீச்சல். ஒவ்வொன்றாக அடங்கிய பிறகு ஆர்கன் தனியே நடக்கத் தொடங்குகிறது. கடைசியில் சொல் இல்லாத குரல்கள் எழும்புகின்றன. இவ்வளவும் நான்கு டிராக் கருவியில் பதிவானது.

1965 வரை பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளராக இருந்த ஸ்மித்துக்கு இது ஒத்துவரவில்லை. இத்தனை நீளம் கூடாது, மூன்று நிமிடப் பாட்டு எழுதுங்கள் என்பதே அவர் வாதம். சந்தைக் கணக்கும் அவர் பக்கம் இருந்ததுபோலத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சந்தையிலும் குழு தோற்றுக்கொண்டிருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1967இல் ‘சீ எமிலி ப்ளே’ பிரிட்டிஷ் பட்டியலில் 6ஆம் இடம் வரை போனது. அதன்பின் பாரெட் எழுதிய ‘ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்’, 1968 ஏப்ரலில் ரைட் எழுதிய ஒன்று, டிசம்பரில் இன்னொன்று என்று மூன்று தனிப்பாடல்களும் பட்டியலிலேயே ஏறவில்லை. அதே வேளையில் ‘சாசர்ஃபுல்’ ஆல்பம் 9ஆம் இடம் பிடித்தது. மூன்று நிமிடத்தில் விற்கவில்லை, நாற்பது நிமிடத்தில் விற்றது. பிரிட்டனில் அவர்கள் அடுத்த தனிப்பாடல் வெளியிட்டது 1979இல்தான். கலைத் துணிச்சல் என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பங்கு, வேறு வழியில்லாமை.

வெளியீட்டையொட்டி ஜூன் 29 அன்று ஹைட் பார்க்கில் நடந்த இலவசக் கச்சேரியில் குழு வாசித்தது. அதை ஏற்பாடு செய்தது, இவர்களை விட்டு விலகிப்போன ஜென்னர், கிங் இருவரின் நிறுவனம். லண்டன் இசையுலகில் பகை நீடிக்கவில்லை போலும்.

வரைந்து எழுதும் முறை நிலைத்தது. 1970இன் ‘ஆட்டம் ஹார்ட் மதர்’, 1971இன் ‘எக்கோஸ்’ இரண்டும் 23 நிமிடத்தைத் தாண்டுகின்றன. இரண்டிலும் அதே பதற்றம், உடைவு, அடக்கம். பாம்பேய் இடிபாடுகளில் ஆளில்லாத அரங்கில் எடுத்த படத்திலும் ‘சாசர்ஃபுல்’ தலைப்புப் பாடலை வாசிக்கிறார்கள். வெயிலில் வாட்டர்ஸ் பெரிய காங்கை அறைகிறார், கில்மோர் தரையில் உட்கார்ந்து கிட்டாரைக் கிறீச்சிட வைக்கிறார்.

ஆல்பத்தின் கடைசிப் பாடல் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது பாரெட்டின் ‘ஜக்பேண்ட் ப்ளூஸ்’. 1967 அக்டோபரில் பதிவு. சால்வேஷன் ஆர்மியின் பித்தளை வாத்தியக் குழுவை வரவழைத்து, அவர்களுக்குத் தோன்றியதை வாசிக்கட்டும் என்றார் பாரெட். ஸ்மித் ஸ்வரம் எழுதித்தான் வாசிக்க வேண்டும் என்றார். வாத்தியங்கள் ஓய்ந்தபின் பாரெட்டின் குரலும் கிட்டாரும் மட்டும் கொஞ்ச நேரம் ஒலித்து நின்றுவிடுகின்றன. புதிய பாதையின் ஆல்பத்தைப் பழையவரின் குரலில் முடித்தது யாருடைய யோசனையாயினும், அது அன்பில்லாமல் செய்ததல்ல.

அதே மாதங்களில் அவர் எழுதிப் பதிவு செய்த ‘வெஜிடபிள் மேன்’, ‘ஸ்க்ரீம் தை லாஸ்ட் ஸ்க்ரீம்’ இரண்டுக்கும் ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. 2016 வரை அவை அதிகாரப்பூர்வமாக வெளிவரவில்லை. 2018இல் மேசன் ஆரம்பக் காலப் பாடல்களை மட்டும் வாசிக்க ஒரு குழு தொடங்கினார். அதற்கு இந்த ஆல்பத்தின் பெயரையே வைத்தார். அந்தக் குழு மேடையில் வாசித்த பாடல்களில் ‘வெஜிடபிள் மேன்’ உண்டு.