கூந்தல் முடிப்பும் பெண்ணின் பருவமும்

விழா நாட்களிலே சிறுமியர்க்குத் தலைவாரிப் பின்னலிட்டுப் பூச்சூட்டுதல் இன்று வெறும் அலங்காரமாகவே கொள்ளப்படுகின்றது. எனினும், தமிழிலக்கியச் சான்றுகளை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, கூந்தல் முடிப்பு பெண்ணின் சமூக நிலையை ஊரறிய உணர்த்தும் அடையாளமாக விளங்கியமை புலனாகும்.

சங்கச் சான்றோர் கூந்தலை 'ஐம்பால்' என வழங்கினர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்னும் ஐவகை ஒப்பனையை இச்சொல் சுட்டும் என்பர். இவ்வொப்பனை சிறுமிக்கு எப்பொழுது உரியதாகின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அகநானூற்றின் 7ஆம் பாடலிலே தாய் தன் மகளின் வளர்ச்சிக் குறிகளை எண்ணுகின்றாள். கூந்தல் முடிக்குமளவு வளர்ந்துவிட்டமை அவற்றுள் ஒன்று. நீ இனிப் பேதையல்லை, பெதும்பை. ஆதலின் வாயிலையும் கடவாதே என்பது அவள் கட்டளை. கூந்தல் முடிபடும் பருவமே சிறுமியின் கால்கள் கட்டுறும் பருவமுமாயிற்று.

பூச்சூடலும் இத்தகையதே. கலித்தொகையின் 115ஆம் பாடலில், காதலன் தந்த முல்லைப்பூவை ஆயர்மகள் ஒருத்தி கூந்தலுள் மறைத்துவைக்கின்றாள். வெண்ணெய் பூசுவதற்காகத் தாய் கூந்தலை விரித்தபோது அப்பூ பெற்றோர் முன்னிலையில் வீழ்கின்றது. நெருப்பைத் தொட்டவர் போலத் தாய் கையை உதறுகின்றாள். மணமாகாத பெண்ணின் கூந்தலிற் காணப்பட்ட ஒரு பூவே அவளது களவொழுக்கத்திற்குச் சான்றாகிவிடுகின்றது.

பக்திக்காலத்திலே வேறொரு காட்சியைக் காண்கின்றோம். பெரியாழ்வார் கண்ணனுக்குக் குழல்வாரவும் பூச்சூட்டவும் தனித்தனிப் பதிகங்கள் பாடினார். செண்பகம், மல்லிகை, பாதிரி முதலிய மலர்கள் அங்கே குழந்தைக்கு உரியனவாகின்றன. தெய்வ ஆண்குழந்தையைப் பற்றிய அப்பாடல்களைச் சிறுமியர் வழக்கிற்கு நேர்ச்சான்றாகக் கொள்ளல் பொருந்தாது. ஆயினும், பூச்சூட்டல் தாயன்பின் வெளிப்பாடாகவும் கருதப்பட்டமைக்கு அவை சான்றாவன.

இவ்விரு போக்குகளும் பிற்கால வழக்கிலே இணைந்தன எனலாம். யாழ்ப்பாணத்துச் சாமத்தியச் சடங்கிலே பூப்பெய்திய பெண்ணை நீராட்டி, பின்னலிட்டு, மணப்பெண்போல் அலங்கரிப்பர். தாயும் மாமியும் அன்போடு செய்யும் அவ்வலங்காரம், பெண் மணத்திற்குரிய பருவம் எய்தினாள் என்பதை ஊருக்கு அறிவிப்பதாகவும் அமைந்தது.

இவ்வடையாளத்தின் மறுகோடியைப் புறநானூற்றின் 250ஆம் பாடல் காட்டுகின்றது. கணவனை இழந்தவள் அங்கே கூந்தல் களைந்து, வளை நீக்கி நிற்கின்றாள். முடித்தலும் சூடலும் களைதலும் அவளது விருப்பின்பாற்பட்டன அல்ல. அவை பருவமும் மணமும் கைம்மையும் விதித்தவை.

இன்று நவராத்திரி விழாவிலே பூவும் குஞ்சமும் அணிந்து ஆடிப்பாடும் சிறுமியின் பின்னல் இவ்விதிகள் எதனையும் உணர்த்துவதில்லை. பழைய அடையாளம் பொருளிழந்து, அழகு மட்டும் எஞ்சியுள்ளது. இதனை மரபின் தேய்வு என வருந்துவோர், அம்மரபு அச்சிறுமியின் தலைமேல் சுமத்திய பாரத்தையும் எண்ணிப்பார்த்தல் தகும்.