ஆறு வயதும் இருபத்தொரு வயதும்: கடல் கடந்த தந்தையரும் கரையில் நின்ற பிள்ளைகளும்

 

மலேசியாவில் பள்ளிவாசலுக்குச் செல்லும் மலாய் ஆடவர் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்குக் ‘காயின் பெலெக்காட்’ என்று பெயர். அந்தப் ‘பெலெக்காட்’ வேறெதுவுமன்று, நம் பழவேற்காடுதான். டச்சுக்காரர் இங்கே 1613-ல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டுவதற்கு முன்பே முஸ்லிம் வணிகர்கள் இத்துறையிலிருந்து கிழக்குக் கடலில் வணிகம் செய்தனர். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமைத்துறையாக இருந்ததும் இதுவே. துணி கிழக்கே போயிற்று. நறுமணப் பொருள்கள் இங்கு வந்தன. துணியைத் தொடர்ந்து மனிதரும் போயினர்.

இன்று கோட்டையில் எஞ்சியிருப்பவை இடிபாடுகளே. ஏரியும் முன்போல் மீன் தருவதில்லை. நம் இளைஞர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபுர் போகிறார்கள். அண்மையில் ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பின் விடுப்பில் வந்திருந்த ஒரு சகோதரர் நம்மிடம் வந்தமர்ந்தார். வளைகுடாவில் பதினான்கு ஆண்டுகள் உழைத்தவர். “ஹஜ்ரத், இப்போதுதான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது. மகனுக்குப் பதினாறு வயது. கூட்டிப் போகலாமா, வேண்டாமா?” என்று கேட்டார். அவருக்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. நம் சமுதாயம் இதே கேள்வியை முன்பு ஒருமுறை சந்தித்த வரலாறுதான் நம் நினைவுக்கு வந்தது.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போவது நம்மவருக்கு எளிதாக இருந்தது. இரு கரைகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்தடத்தில் ஓடிய ‘ரஜுலா’ கப்பலின் பெயரைக் கடற்கரை ஊர்களின் முதியோர் இன்றும் சொல்வர். கடை வைத்தவர், கடையில் வேலை பார்த்தவர், நாணயம் மாற்றியவர் எனப் போன முஸ்லிம்களில் பெரும்பாலோர் தனியாகவே போயினர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து சில மாதங்கள் தங்கித் திரும்புவதே சபுராளியின் வாழ்க்கை. மகன் மீசை அரும்பும் பருவம் எய்தியதும் அவனையும் கடைக்கு அழைத்துக்கொள்வர். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் உண்மையாக அறிந்துகொண்டது பெரும்பாலும் அந்தக் கடையில்தான். பாதை என்றும் திறந்தே இருக்கும் என்று எல்லாரும் நம்பினர்.

அந்தப் பாதை படிப்படியாக அடைபட்டது. 1953 ஆகஸ்ட் மாதத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வேலை தேடி வருவோருக்குக் கதவு ஏறக்குறைய மூடப்பட்டது. ஏற்கெனவே குடியிருப்போரின் மனைவி மக்களுக்கு மட்டும் வழி விடப்பட்டது. 1959-ல் மலாயா அச்சட்டத்தைத் திருத்தி, அந்த வழியையும் சுருக்கியது. கணவரைத் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பிரிந்து வாழ்ந்த மனைவியரும், ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளும் இனி உள்ளே வர இயலாது என்பதே அத்திருத்தத்தின் சாரம். வேற்று மண்ணில் வளர்ந்துவிட்ட பிள்ளையைவிட, சிறு வயதிலேயே வந்து உள்ளூர்ப் பள்ளியில் பயிலும் பிள்ளையே அந்நாட்டோடு ஒன்றுவான் என்பது அரசின் நோக்கம். புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு அவ்வாறு எண்ணியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும், மகன் பெரியவனாகட்டும் என்று காத்திருந்த தந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும்? மகன் வளர வளர அழைத்துக்கொள்ளலாம் என்பது பழைய வழக்கம். மகன் வளர்ந்ததே தடை என்றது புதிய சட்டம்.

இதே காலத்தில் வேறொரு வழியில் நடந்தவர்களும் நம்மில் உண்டு. கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து முஸ்லிம்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூருக்குப் பெயர்ந்தபோது, பலர் மனைவி மக்களையும் உடன் அழைத்துச் சென்றனர். அவர்கள் செல்வந்தர் அல்லர். நெசவும் கூலி வேலையும் அறிந்த எளியோர். தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தனர். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். போர் ஓய்ந்ததும் 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப்பள்ளி ஒன்றைத் தொடங்கினர். பிள்ளைகள் உடன் இருந்ததால்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது. தனியாக வாழ்ந்த ஆடவருக்குத் தங்குமிடமும் தொழ ஓர் இடமும் போதுமாயிருந்தன. சட்டம் இறுகியபோது, குடும்பத்தோடு சென்றவர்களின் பிள்ளைகளில் பலர் அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தனர்.

குடும்பம் பிரிவதன் வலியை இஸ்லாமிய வரலாறு மறைக்கவில்லை. அபூ ஸலமா (ரலி) அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டபோது, அவர்களின் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பிறந்த வீட்டார் தடுத்து நிறுத்தினர். குழந்தை ஸலமாவைக் கணவர் வீட்டார் பிடுங்கிச் சென்றனர். கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம், குழந்தை ஓரிடம். ஏறத்தாழ ஓராண்டு காலம் அந்தத் தாய் நாள்தோறும் வெளியே வந்தமர்ந்து அழுததாகச் சீறா நூல்கள் கூறுகின்றன. இறுதியில் உறவினர் மனமிரங்கினர். குழந்தை திரும்பக் கிடைத்தது. மதீனா போய்ச் சேர்ந்தார்கள்.

பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போர்முனைக்குச் சென்ற கணவரை எண்ணித் தனிமையில் வாடிய ஒரு பெண்ணின் குரலை இரவில் கேட்டார்கள். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கருத்துக் கேட்டு, படைவீரர் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நம் சபுராளிகளில் எத்தனை பேர் ஆறு மாதத்தில் ஊர் திரும்புகிறார்கள்?

இப்போது இன்றைய சட்டங்களைப் பார்ப்போம். அன்று மலாயா வைத்த எண் ஆறு. இன்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண் இருக்கிறது. சிங்கப்பூரில் சார்ந்திருப்போர் அனுமதி, திருமணமாகாத, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே. அதற்கும் தந்தையின் மாத ஊதியம் குறிப்பிட்ட அளவை எட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவிலும் வரம்பு 21 வயதே. அங்கு நிரந்தரக் குடியுரிமைக்கு வரிசையில் காத்திருக்கும்போதே பிள்ளை அந்த வயதைக் கடந்து, பெற்றோரின் விசாவிலிருந்து வெளியேறும் நிலை பலருக்கு வருகிறது. பிரிட்டன், 2024 மார்ச் முதல், பராமரிப்புப் பணிக்குப் புதிதாக வருவோர் குடும்பத்தை அழைத்து வருவதையே நிறுத்தியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் திருமணமாகாத மகனுக்கான வயது வரம்பு 2022-ல் 25 ஆக உயர்த்தப்பட்டது. திருமணமாகாத மகளுக்கு வயது வரம்பு இல்லை. சவூதி அரேபியா 2017-ல், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2020-ல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,600 ரியால். எளிய ஊதியக்காரர் பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பியது இதனால்தான்.

இந்த எண்கள் நாளை மாறலாம். புறப்படுவதற்கு முன் அந்தந்த அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது கடமை. மாறாத ஒன்று உண்டு. வளரிளம் பருவப் பிள்ளை எந்தச் சட்டத்திலும் ஓரத்தில்தான் நிற்கிறான். ஐந்து வயதில் போகும் பிள்ளைக்குக் காலம் இருக்கிறது. பதினாறு வயதில் போகும் பிள்ளைக்கு ஓரிரு ஆண்டுப் பள்ளிப் படிப்பும், அதன்பின் ஒரு பெரிய கேள்வியும்தான் இருக்கின்றன. வளைகுடாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளில் பலர் கல்லூரிக்காக மீண்டும் தாயகம் வருகிறார்கள். எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் குடியுரிமை கிடைப்பது அங்கே மிக அரிது.

ஆகவே அந்தச் சகோதரரிடம் நாம் மூன்று செய்திகளைச் சொன்னோம். முதலாவது, சம்பளத்தைக் கணக்கிடுவதற்கு முன் மகனின் வயதைக் கணக்கிடுங்கள்; விசா எந்த வயதில் முடிகிறது, பள்ளி எந்த ஆண்டில் முடிகிறது என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது, பதினொன்றாம் வகுப்பின் நடுவில் பாடத்திட்டம் மாறினால் என்ன இழப்பு என்பதை அவனுடைய ஆசிரியரிடம் கேளுங்கள். மூன்றாவது, மகனிடமே கேளுங்கள். இப்ராஹீம் (அலை) அவர்கள், இறைவனின் கட்டளையே வந்திருந்தும், மகன் இஸ்மாயீலிடம் “உன் கருத்து என்ன?” என்று கேட்டார்கள் அல்லவா? நமக்கு வந்திருப்பது வேலைக்கான கடிதம் மட்டுமே.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவனிடம் இதுவரை கேட்கவே இல்லை, ஹஜ்ரத்” என்றார். சில நாட்களுக்குப் பின் மீண்டும் வந்தார். மகன் இங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க விரும்புவதாகவும், ஒன்பது வயது மகளையும் மனைவியையும் அழைத்துப் போனால் மகன் தனித்துவிடுவான் என்பதால், மகன் படிப்பு முடியும்வரை தாம் ஆண்டுக்கு இருமுறை ஊர் வருவதற்கு முதலாளியிடம் கேட்கப் போவதாகவும் சொன்னார். மகள் பதினொரு வயதை எட்டுவதற்குள் அடுத்த முடிவை எடுத்துவிட வேண்டும் என்று தேதியும் குறித்து வைத்திருந்தார். இது எல்லாருக்கும் பொருந்தும் தீர்வன்று. ஆனால் வயதைக் கணக்கிட்டு, பிள்ளையிடம் கேட்டு எடுத்த முடிவு. அந்தக் காலத்துத் தந்தையரில் பலருக்கு வாய்க்காத ஒன்று.

நம் ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபடும் என்பது படகுக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஆகவே திறந்திருக்கும்போதே போகவும் வரவும் நாள் பார்த்துக்கொள்வர். பிள்ளைகள் விஷயத்திலும் நம் தந்தையருக்கு அந்த முன்யோசனை வேண்டும். பணம் பின்னரும் வரும். பதினாறு வயது திரும்பி வராது.

சபுரில் இருக்கும் தந்தையரின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! பிரிந்திருக்கும் குடும்பங்களை நலமாக ஒன்றுசேர்ப்பானாக! ஆமீன்.